சுனை என்று பெயர் வைத்தவள்

பஞ்சர் அக்கா டயரைக் கழற்றும்போதே வண்டிக்காரனின் மானத்தையும் சேர்த்துக் கழற்றிவிடுவாள். "இது டயரா தம்பி? உங்க தாத்தா மண்டை மாதிரி வழுவழுன்னு இருக்கு. ரோட்டுல கிடக்குற ஆணியெல்லாம் விலாசம் விசாரிச்சு வந்து ஏறுது." வண்டிக்காரன் சிரித்தால் தப்பித்தான். முறைத்தால் கைப்பம்ப்பை நீட்டி, "நீயே அடிச்சுக்க" என்பாள்.

கட்டையான உடம்பு. முழங்கை வரை சுருட்டிய சட்டை. இடது புருவத்தில் நிரந்தரமாக ஒரு கிரீஸ் தீற்றல். கடை என்றால் பாலத்தடியில் ஒரு தகரக் கூரை, இருமிக்கொண்டே ஓடும் ஒரு கம்ப்ரசர், பாதியாக அறுத்த நீல டிரம், அதில் தண்ணீர். டியூபை அதில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பாள். அப்போது மட்டும் வாய் மூடியிருக்கும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் காதைச் சொறிந்துகொள்வது அந்த அரை நிமிஷத்தில்தான்.

அவள் கோபத்தில் முக்கால் பங்கு எதிரே உள்ள கார் ஷோரூமுக்கு. அதன் சிமெண்ட் தரைக்கு அடியில் ஒரு சுனை இருந்தது. ஏழு வயதில் அதன் ஓரத்தில் குப்புறப் படுத்து முகத்தை உள்ளே விடுவாள். அடியில் மணல் உலை மாதிரி கொதிக்கும். தண்ணீரோ பல்லைக் கூசவைக்கும். உள்ளங்கையை வைத்தால் கீழிருந்து யாரோ பிஞ்சுக் கையால் தள்ளுவார்கள். பல வருஷம் கழித்து, வயிற்றில் பிள்ளை முதன்முதலாக உதைத்தபோது அவளுக்கு அந்தத் தள்ளல்தான் ஞாபகம் வந்தது. பெயர் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

"இப்ப அது மேல நின்னு காரு கழுவுறானுங்க. அதுக்கு லாரித் தண்ணி வேற வாங்குறானுங்க! காலடியில இருக்குடா, காலடியில!" ரோட்டைத் தாண்டித் தினமும் ஒருமுறை கத்துவாள். ஷோரூம் காவலாளி, ஏதோ நலம் விசாரிக்கிறாள் என்பதுபோல் கையசைப்பார்.

ஒரு சாயங்காலம், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சுனை பள்ளியிலிருந்து ஒரு தாளோடு வந்து நின்றாள். பெயர் மாற்றும் படிவம். ஆபீஸில் அழுது வாங்கியது.

"என்னடி எழவு இது?"

"கையெழுத்துப் போடு. நாளைக்குக் கடைசி நாள். என் பேரை நிலான்னு மாத்தணும்."

"ஏன், இந்தப் பேருக்கு என்ன கேடு?"

"பேருக்கு ஏத்த படம் ஒட்டச் சொன்னாங்க மிஸ். ஒருத்தி மயில் ஒட்டுனா. ஒருத்தி ரோஜா. நான் மண்ணு வரைஞ்சு புள்ளி வச்சேன். சேத்துல எச்சி துப்புன மாதிரி இருக்காம். நிஜமா இருந்தா காட்டுன்னாங்க. எதைம்மா காட்டுறது? கார்க் கடையையா?"

"உங்க மிஸ்ஸை வரச்சொல்லு. தரையை உடைச்சுக் காட்டுறேன்!"

"தினம் கத்துறதோட சரி. எங்க உடைச்ச?"

அக்கா தாளைப் பிடுங்கிப் பெஞ்சில் அறைந்தாள். கையிலிருந்த வேலையைக் கடகடவென்று முடித்து, பஞ்சரான பைக்கோடு காத்திருந்த பார்சல் டெலிவரிக்காரனை விரட்டினாள்.

பத்து நிமிஷத்தில் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். "என்னக்கா ஒட்டுனீங்க, தபால்தலையா?"

இருபது வருஷத்தில் அவள் செய்யாத தப்பு அது. டியூபை ஒட்டியவள், டயருக்குள் விரல் விட்டுத் தடவ மறந்திருந்தாள். தடவினாள். ஆணி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அறிவு கெட்ட ஜென்மம்!"

"யாரக்கா?"

"என்னைத்தான். நீ பேசாம நில்லு."

ஆணியைப் பிடுங்கினாள். டியூபுக்குக் காற்றேற்றி டிரம்மில் அமுக்கினாள். கோபத்தில் கண் மங்கியதோ என்னவோ, ஓட்டை அகப்படவில்லை.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த சுனைதான் எட்டிப் பார்த்தாள். "அந்தா வருது."

பொடிப்பொடியாகக் குமிழிகள் எழுந்துகொண்டிருந்தன.

"கைய வை," என்றாள் அக்கா. குரல் வழக்கத்துக்கு விரோதமாக இறங்கியிருந்தது.

சுனை உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தாள். "தள்ளுதும்மா!"

"அது இதைவிட நல்லாத் தள்ளும். கையே மேல எழும்பும்."

"ஜில்லுன்னு இருக்குமா?"

"பல்லு கூசும்."

சுனை கையை எடுக்கவில்லை. பெஞ்சில் இருந்த படிவத்தின் கையெழுத்துக் கட்டத்தில் சொலூஷன் டப்பா கவிழ்ந்து, பசை ஆற அமர ஊறிக்கொண்டிருந்தது.

"அக்கா, நேரமாகுது. பார்சலுக்கு நான்தான் திட்டு வாங்கணும்," என்றான் அவன்.

அக்கா ஆணி பிடித்திருந்த கையை அவன் பக்கம் உயர்த்தி, பொறு என்று காட்டினாள். மற்றக் கையால், குமிழி நின்றுவிடாதபடி, தண்ணீருக்கு அடியில் டியூபை மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டே இருந்தாள்.