மணி ஓயும்வரை

ஆள்காட்டி விரலைச் சட்டை நுனியில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடியும் துடைத்துக்கொண்டுதான் அவர் மணிப் பொத்தானில் கை வைப்பார். என்றோ ஒரு மழைக்காலத்தில் அந்தப் பொத்தான் அவருக்குச் சுள்ளென்று ஓர் அடி கொடுத்திருக்கிறது. மறுநாளே ஆள் வந்து பெட்டியை மாற்றிவிட்டார்கள். பெட்டி மாறியது, பயம் மாறவில்லை. "கரன்ட்டுக்கு ஆள் தெரியாதுங்க. தலைவர்னு பார்க்குமா, தரையில நிக்கிறவன்னு பார்க்குமா?" என்பார்.

சட்டமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், விசாரணைக் குழு அறையின் கதவுக்கு உள்புறம் ஒரு முக்காலி கிடக்கிறது. அது அவருடையது. கூட்டம் தொடங்கும் நேரத்தில் போதிய உறுப்பினர்கள் வந்து சேரவில்லை என்றால் அவர் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும் வரை தாழ்வாரம், நூலகம், சிற்றுண்டிச்சாலை, கழிப்பறை என்று பாரபட்சமில்லாமல் மணி அலறும். தலைவர் பேனாவால் தண்ணீர் டம்ளரை ஒரு தட்டு தட்டினால் விரலை எடுத்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். எல்லோருக்கும் அவர் மணிக்காரர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது.

அவரைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மின்தூக்கியில் ஏறமாட்டார், நடுவில் நின்றுவிட்டால்? சாலையைத் தனியாகக் கடக்கமாட்டார்; துணைக்கு ஒரு ஆள் வரும்வரை ஓரமாக நிற்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸ் அடுப்பை மூடினோமா என்று திரும்பி வருவார். "எங்க வீட்டுக்காரர் டிவியில பாம்பைப் பார்த்தாலே காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்குவார்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சிரிப்பார். சிரிக்காவிட்டால் கோபித்துக்கொள்வாளோ என்று அதற்கும் ஒரு பயம்.

குழுவில் ஒன்பது பேர். தலைவரோடு சேர்த்து ஆளுங்கட்சிக்காரர்கள் ஆறு, எதிர்க்கட்சிக்காரர்கள் மூன்று. ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஆளுங்கட்சி கேட்ட விசாரணை என்றால் பிஸ்கட் தட்டு வருவதற்கு முன்பே அந்த ஆறு பேரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எதிர்க்கட்சி மூவரும் சேர்ந்து ஒரு விசாரணை கேட்டால், விதிப்படி அதை மறுக்க முடியாது. யாரும் மறுப்பதுமில்லை. தேதி குறிப்பார்கள், அழைப்பு அனுப்புவார்கள், நாற்காலியைக்கூடத் துடைத்து வைப்பார்கள். தலைவர் சிரித்த முகத்தோடு வந்து உட்காருவார். அவரையும் சேர்த்து நான்கு பேர். மற்ற ஐவரும் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சிரிப்பது சுவரைத் தாண்டிக் கேட்கும். மணி அடிக்கும், டம்ளர் ஒலிக்கும், ஆள் போதாமல் கூட்டம் ஒத்திவைக்கப்படும். மூன்று முறை இப்படி ஆனால் அந்த விசாரணையே முடிந்துபோனதாகக் கணக்கு. இந்த மன்றம் கலையும்வரை மறுபடி எழுப்ப முடியாது. எல்லாம் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரிதான்.

இடிந்து விழுந்த பள்ளிக்கூடக் கூரை, காலாவதியான மருந்து என்று எத்தனையோ விசாரணைகளுக்கு அவர் விரல்தான் கடைசி மணி அடித்திருக்கிறது. அதைப் பற்றி யாராவது கேட்டால் கண்ணை மேலே காட்டுவார். "மேல சொல்றாங்க, கீழ செய்றோம். நமக்கெதுக்குங்க பொல்லாப்பு?" இப்படித்தான் அவர் காலம் ஓடிக்கொண்டிருந்தது, அணை விஷயம் வரும் வரை.

அது ஒரு பழைய மண் அணை. அதன் அடிவாரத்துக் குடியிருப்பில்தான் அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார். மருமகனுக்கு அங்கே வண்டி பழுதுபார்க்கும் பட்டறை. பள்ளிக்கூடம் போகும் ஒரு பேத்தியும் உண்டு. அணையைப் பற்றி விசாரணை கேட்டவர் டீச்சரம்மா. எதிர்க்கட்சி உறுப்பினர், முன்பு பள்ளியில் பாடம் நடத்தியவர். முதல் கூட்டத்தன்று மணி அலறிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து பேச ஆரம்பித்துவிட்டார். கூட்டம் தொடங்காத நேரத்துப் பேச்சு குறிப்பில் ஏறாது. சுருக்கெழுத்தர் பேனாவை மூடிவைத்திருந்தார். தலைவர் காகிதத்தில் பூ வரைந்துகொண்டிருந்தார். கூட இருந்த எதிர்க்கட்சிக்காரர் இருவருக்கும் தெரிந்த விஷயம்; புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது முக்காலி அருகே நின்ற மனிதர் மட்டும்தான்.

"கசியற தண்ணி தெளிவா இருந்தா பரவாயில்லை. கலங்கி வந்தா, அணை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம்" என்றார் டீச்சரம்மா. "அங்க அபாயச் சங்குகூட வேலை செய்யலை. யாரு போய் அந்த ஜனங்களை எழுப்பப் போறாங்க?"

டம்ளர் ஒலித்தது. அவர் விரலை எடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மகளுக்குப் போன் செய்வது வழக்கமாயிற்று. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் போய், "தண்ணி தெளிவா இருக்காம்மா?" என்று ஒரே கேள்வி. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று மகள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் அன்றைய பொழுதை ஓட்டிவிடுவார். இரவில் மழைச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

இரண்டாவது கூட்டமும் அப்படியே போயிற்று. மாடிப்படியில் டீச்சரம்மாவை வழிமறித்து, அடுத்த முறையாவது நடக்குமா என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு உறுப்பினரிடம் அவராகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒரே ஒருத்தர் வந்தா போதும்" என்றார் டீச்சரம்மா களைப்போடு. "மணி அடிக்கிற வரைக்கும் தலைவரால ஒத்திவைக்க முடியாது. ஆனா மணியை எப்ப நிறுத்தறதுன்னு அவருக்குத் தெரியுமே."

மூன்றாவது கூட்டத்தன்று விடாமல் மழை. காலையில் அவர் கூப்பிடுவதற்கு முன்பே போன் அடித்தது.

"அப்பா, தண்ணி கொஞ்சம் கலங்கலாத்தான் வருது. மழைக்கு அப்படித்தான் இருக்கும்னு இவர் சொல்றார். நீங்க பயப்படாதீங்க."

உடனே கிளம்பி வரச் சொன்னார். குழந்தைக்குப் பரீட்சை, அது முடியட்டும் என்றாள். கெஞ்சினார். "நீங்க எதுக்குத்தான்பா பயப்படலை?" என்று மகள் அன்பாகத்தான் கேட்டாள். அலுவலகத்தில் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னார். அவரும் கிட்டத்தட்ட அதையே கேட்டுவிட்டுக் கோப்புக்குள் குனிந்துகொண்டார். புலி வருது, புலி வருது என்று ஆயுசு முழுக்கக் கத்தியாயிற்று. மின்தூக்கிக்கும் அடுப்புக்கும் டிவிப் பாம்புக்கும் பயத்தை வாரி இறைத்தவருக்கு, நிஜப் புலி வரும்போது நம்புவதற்கு ஆள் இல்லை. அதை நினைத்ததும் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

தாழ்வாரத்துப் பெஞ்சில் அணைப் பொறியாளர் நனைந்த குடையோடு காத்திருந்தார். கூட்டம் கூடினால் அவர் சாட்சி சொல்வார். மதகைத் திறந்து தண்ணீரை இறக்கச் சொல்லிக் குழு இன்றே உத்தரவு போடலாம். கூடாவிட்டால் அவர் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பக்கத்து அறைக்கு டீ போயிற்று. அங்கிருந்த ஐவரில் ஒருவர் அடிவாரத்துக் குடியிருப்பு இருக்கும் தொகுதியின் உறுப்பினர். ஓட்டுக் கேட்க வந்தபோது மணிக்காரரின் பேத்தியைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவர்.

தலைவர் வந்து உட்கார்ந்தார். எதிரே அந்த மூவர். மணி அடிக்கச் சொல்லித் தலையசைத்தார். மணிக்காரர் எழுந்து பொத்தானை அழுத்தினார். விரலைத் துடைக்க மறந்திருந்தார்.

மணி கட்டடமெங்கும் ஓடியது. டீச்சரம்மா இன்று பேசவில்லை; கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை. தலைவர் பேனாவை எடுத்து டம்ளரைத் தட்டினார்.

மணி நிற்கவில்லை.

காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று தலைவர் இன்னொரு தட்டு பலமாகத் தட்டினார். சுருக்கெழுத்தர் திரும்பிப் பார்த்தார். மணிக்காரரின் நெற்றியிலிருந்து வழிந்த வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. வேலை போகும், ஓய்வூதியம் போகும், மனைவி என்ன சொல்வாளோ, கைவிரல் ஈரமாயிருக்கிறதே, கரன்ட் அடித்துவிடுமோ என்று அத்தனை பயமும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் வந்து நின்றது. பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டிருந்தது.

"போதும்யா. கையை எடு" என்றார் தலைவர். அந்த முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"ஐயா..." என்றார் அவர். தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அவரை நோக்கி வந்தார். மணிக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டு, வலக்கை விரலின் மேல் இடக்கையையும் கொண்டுவந்து வைத்து அழுத்தினார்.