பலூன்காரரும் வராமல் போன புயலும்

ஊரில் அவரைப் பலூன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பேரை நம்பி, குழந்தையின் பிறந்தநாளுக்கு நீலத்தில் முப்பது கிடைக்குமா என்று கேட்டு வந்ததுண்டு. அவர் சிரிக்காமல், "எங்கிட்ட இருக்கறது ஒரே கலர், வெள்ளை. அதுவும் ஊதினா உங்க வாசக்கதவுல நுழையாது" என்பார்.

கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில், கம்பி வேலிக்குள் இருந்த சின்ன வானிலை நிலையத்தில் அவருக்கு வேலை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தினமும் இரண்டு பலூன்களை வானத்துக்கு அனுப்ப வேண்டும். பலூனுக்குக் கீழே நீளமான நூல், நூலில் சிவப்புக் காகிதக் குடை, அதற்கும் கீழே உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பெட்டி. சூடு, ஈரம், காற்று எல்லாவற்றையும் அந்தப் பெட்டி ரேடியோ வழியாகச் சொல்லிக்கொண்டே போகும். ஒன்றரை மணி நேரம் ஏறியபின் பலூன் ஒரு வீடு அளவுக்குப் பெருத்து வெடிக்கும். பெட்டி குடையைப் பிடித்துக்கொண்டு கடலிலோ காட்டிலோ போய் விழும்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அவர் மனைவிக்கு இந்த உத்தியோகம் வெகுநாள்வரை பிடிபடவில்லை. "ஊர்ல எல்லாரும்தான் கதை கட்டிக் காத்துல விடுறாங்க. சம்பளம் வாங்கிட்டு விடுறது நீங்க ஒருத்தர்தான்" என்பாள். அவருக்கு அது உறைக்காது. கோபித்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் தரைக்கு வந்து சேர வேண்டுமே. மேகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு முறை சாக்கடையில் கால்விட்டவர் அவர்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கோப்புகளை அடுக்கும் தற்காலிக வேலைக்குத்தான் வந்தார். ஒருநாள் பலூன் விடுகிறவருக்குக் கை சுளுக்கிக்கொண்டது. "கொஞ்சம் பிடிங்க தம்பி" என்று பலூனின் கழுத்தை இவர் கையில் கொடுத்தார்கள். பிடித்தார். மேலே யாரோ தோழமையாகக் கையைப் பற்றி, வாயேன் என்று இழுப்பது போல இருந்தது. விட்டபிறகும் அந்த இழுப்பு தோளில் ஒரு மணி நேரம் தங்கியிருந்தது. மறுநாள் தானாகவே போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கரையில் கோடைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் கடல் பால் தட்டு மாதிரி கிடக்கும். உச்சிவேளையில் காற்று நின்று, கதவு கைப்பிடிகூட வியர்க்கும். மூன்று மணிக்குக் கரைக்கு மேல் மேகங்கள் பஞ்சு மூட்டைகளாக அடுக்கிக்கொள்ளும். நான்கு மணிக்கு இடி, மழை. ஐந்தரைக்கு ஒன்றுமே நடக்காதது போல வெயில். துணி காயப்போடுகிறவர்கள் அதற்குத் தகுந்தாற்போலத் துவைப்பார்கள்.

அந்த வருஷம் மட்டும் ஒரு மேகக்கூட்டம் கலைய மறந்துபோனது. முதல்நாள் மழை பெய்து முடித்தும் கரைக்கு அப்பால் கடல்மேல் அப்படியே நின்றது. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் தடித்தது. கடல்நீர் வெந்நீர் போலச் சூடேறிக் கிடந்த நேரம். மூன்றாம் நாள் காலை வானொலியில், 'காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெறக்கூடும்' என்றார்கள்.

"கூடும்னா என்ன அர்த்தம்? கூடுமா, கூடாதா?" என்று மனைவி கேட்டாள்.

"அது யாருக்குமே தெரியலம்மா."

"தெரியலன்னு சொல்லிட்டுப் போகலாமே. அதுக்கு ஏன் இவ்வளவு பெரிய வார்த்தை?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் கடைக்காரர்கள் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். தாழ்வான தெருக்களில் பாயும் படுக்கையும் வண்டி ஏறிக்கொண்டிருந்தன.

நிலையத்தில் தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகத்தின் பெண் அதிகாரி. வயதில் இளையவர்; இவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணா, மத்தியானம் ஒரு பலூன் கூடுதலா வேணும். செயற்கைக்கோள் படத்துல மேகம் தெரியுது, ஆனா அதுக்கு மேல காத்து எப்படி அடிக்குதுன்னு அந்தப் பக்கத்துல சொல்ல ஆளே இல்ல. உங்க ஒருத்தரோட கணக்குக்குத்தான் காத்திருக்கோம்."

"விட்டுடலாம் மேடம்" என்று சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் உறைத்தது, கூட ஆள் இல்லை. காற்று நாளில் பலூன் விட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பலூனைப் பிடிக்க, ஒருவர் பத்தடி தள்ளிப் பெட்டியோடு நிற்க. கூட வேலை பார்ப்பவர் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தின்மேல் முழங்கால் தண்ணீர்.

தனியாகவே முயன்றார். உயரக் கூரை போட்ட கொட்டகையில் வாயுவை நிரப்பினார். பலூன் மெல்ல எழுந்து, தூக்கத்தில் மூச்சுவிடும் பெரிய மிருகம் மாதிரி அசைந்தது. கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கிச் சுழற்றி விளக்குக் கம்பத்தில் அறைந்தது. டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெள்ளை ரப்பர்த் துணுக்கு வேலியில் தொங்கியது. அதில் கட்டியிருந்த பெட்டியும் உடைந்துபோனது; மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. புதிய பெட்டிகள் ஏற்றிய வண்டியும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்றது.

அவர் நனைந்தபடி படியில் உட்கார்ந்திருந்தபோது, சாப்பாட்டு டப்பாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மனைவி வந்தாள்.

"படகை நிறுத்திட்டாங்க. கவுண்டரை மூடிட்டேன். என்னங்க, மூஞ்சி இப்படித் தொங்குது?"

சொன்னார். அவள் டப்பாவை ஓரமாக வைத்தாள். "நான் பிடிக்கிறேன். எதைப் பிடிக்கணும்?"

"விளையாட்டில்லம்மா."

"நான் எப்ப உங்ககூட விளையாடியிருக்கேன்?"

அந்த வாயு பொறி பட்டால் தீப்பிடிக்கிற ரகம். அதனால் அவள் வளையலையும் கொண்டை ஊசியையும் கழற்றச் சொன்னார். உரசினால் அதிலும் பொறி வரும் என்று பிளாஸ்டிக் மழைக்கோட்டையும் கழற்றச் சொன்னார். "கல்யாணத்தன்னிக்கு எல்லாத்தையும் போட்டுவிட்டாங்க, இன்னிக்கு நீங்க கழட்டறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றினாள். இடி ஓய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அவர் இரண்டாவது பலூனை நிரப்பினார். ஈரக் கூந்தல் முகத்தில் ஒட்டியிருக்க, அவள் வெள்ளைப் பெட்டியைக் கோழிக்குஞ்சைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

அவர் பலூனைக் கதவருகே அணைத்துப் பிடித்திருந்தார். காற்று விட்டுவிட்டு அறைந்தது. எப்போது விடுவது? இருபத்தாறு வருஷ அனுபவம் இருந்தும் அந்தக் கணத்தை அவரால் கணிக்க முடியவில்லை.

"அவசரப்படாதீங்க" என்று மழைக்குள்ளிருந்து அவள் கத்தினாள். "படகுலேர்ந்து ஆளை இறக்கறப்ப அலைக்கும் அலைக்கும் நடுவுல ஒரு இடம் வரும். அப்பத்தான் காலை வைக்கச் சொல்லுவோம். இதுலயும் வருது. எண்ணிட்டிருக்கேன்."

அவர் காத்திருந்தார். ஒரு அறை. இன்னொன்று. பெரிதாக மூன்றாவது ஒன்று வேலியையே ஆட்டிவிட்டுப் போனது. அதன் பின்னால் திடீரென்று ஒரு மௌனம் திறந்தது.

"இப்ப!"

விட்டார். பலூன் கொட்டகையைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி ஏறியது. நூல் விறைத்து, பெட்டி அவள் கையிலிருந்து துள்ளிப் பறந்தது. அவள் கைகள் இரண்டும் அப்படியே மேலே நின்றன. கொஞ்ச நேரம் அவற்றை இறக்கவே இல்லை.

"இழுத்துதுங்க" என்றாள், ரகசியம் சொல்வது போல.

"ம்" என்றார் அவர்.

பலூன் சாம்பல் வானத்தில் ஒரு முத்தாகி, புள்ளியாகி, இல்லாமல் போனது.

உள்ளே துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, ஒரே டப்பாவில் சாப்பிட்டபடி இருவரும் திரையைப் பார்த்தார்கள். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. கூரையில் மழை சளசளத்தது.

"இப்ப எங்க இருக்கு?"

"மேகத்துக்குள்ள. சுத்திலும் ஒண்ணும் தெரியாது, எல்லாம் பஞ்சு."

அரை மணி கழித்து மறுபடியும் கேட்டாள்.

"பனிக்கட்டி ஊசியா மிதக்கிற இடம். நம்ம மழையெல்லாம் அங்கேர்ந்துதான் கிளம்புது."

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனபோது அவர் குரல் தாழ்ந்தது. "மேகத்தைத் தாண்டிடுச்சு."

"அங்க வெயிலடிக்குதா?"

"அடிக்குது. மேல கருநீலமா வானம். கீழ நம்ம புயல் வெள்ளை வெளேர்னு படுத்திருக்கும். சத்தமே இருக்காது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அங்கே போய்விட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவர் தனியாகவே போய்வந்த இடம் அது.

பெட்டி மௌனமாகும்வரை இருந்து கணக்கை அனுப்பினார்கள். கீழே காற்று கிழக்கிலிருந்து அடித்தது. பத்து கிலோமீட்டருக்கு மேலே அதற்கு நேரெதிராக, இரண்டு மடங்கு வேகத்தில். சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"அண்ணா, புயலோட தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கமா இழுபடுது. தள்ளி இருக்கற ரெண்டு ஊர்க் கணக்கும் இப்ப வந்து உங்களுதோட ஒத்துப்போகுது. இது தேறாது. ராத்திரிக்குள்ள கலைஞ்சுடும்."

அப்படியே கலைந்தது. மறுநாள் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். பாயும் படுக்கையும் வீடு திரும்பின. பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்த முடிதிருத்துபவர், அந்த வழியாகப் போன இருவரையும் நிறுத்தினார்.

"என்ன பலூன்காரரே, பெரிசா பயமுறுத்தினீங்க. கடைசியில ஒரு ஓடுகூடப் பறக்கலயே!"

பலூன்காரர் வழக்கம்போலச் சிரித்து நழுவப் பார்த்தார். மனைவி விடவில்லை.

"ஓடு பறக்கலன்னு வருத்தமா? சொல்லுங்க, நான் ஏறிப் பிரிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

முடிதிருத்துபவர் மறுபடியும் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருவரும் நடந்தார்கள். தெருவில் தேங்கிய தண்ணீரில் ஆகாயம் துண்டு துண்டாகக் கிடந்தது. படகுத்துறைக்குத் திரும்பும் முனையில் அவள் நின்றாள்.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீங்க?"

"அஞ்சரைக்கு. ஏன்?"

"சும்மாதான்" என்றாள். "அந்த நேரத்துல கவுண்டர்ல கூட்டம் இருக்காது. வெளிய வந்து நின்னா தெரியுமான்னு பார்க்கணும்."