பாலக்காட்டு ஆசாரி

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் குமாரசாமி. தொண்ணூற்றொன்றில் மில்லை மூடிவிட்டார்கள். திறப்பார்கள், திறப்பார்கள் என்று கொஞ்ச காலம் மில் கேட்டுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, இருகூரில் தன் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு கேஸ் வெல்டிங் ஆரம்பித்தான். ஜன்னல் கிரில், கேட் என்று வந்த வேலையெல்லாம் செய்தான். ஒருநாள் மிஞ்சிக் கிடந்த கம்பிகளை வளைத்து, தகட்டில் இலைகள் வெட்டிப் பற்றவைத்து, சுவரில் மாட்டுவதற்கு ஒரு மரக்கிளை செய்தான். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனாலும் என்னவோ குறைந்தது.

அதில் குருவியை வைத்தவள் அவன் மனைவி பாவாத்தாள்.

தொண்டாமுத்தூரில் பிறந்து வளர்ந்தவள். சோளக்காட்டில் கிளி ஓட்டப் போகும்போது கை சும்மா இருக்காமல் கத்தியால் மரத்துண்டுகளைச் சீவிப் பழகியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அதற்கு அவசியம் வரவில்லை. இப்போது மர மில்லில் கழித்துப் போட்ட குமிழ மரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஒரு கொண்டைக்குருவியைச் செதுக்கினாள். கிளையில் ஊசி போல ஒரு கம்பித் துண்டைப் பற்றவைக்கச் சொன்னாள். சூட்டோடு வைத்தால் மரம் கருகிவிடும் என்று அது ஆறும்வரை காத்திருந்தாள். குருவியின் வயிற்றில் துளை போட்டு, பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்து, கம்பியில் இறக்கினாள். பசை இறுகுவதற்குள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கீழே ஏதோ சத்தம் கேட்டுத் தலையைச் சாய்த்த மாதிரி நிறுத்தினாள். அதற்குமேல் அந்தக் கிளையில் ஒரு குறையும் இல்லை.

டவுன்ஹால் பக்கம் அலங்காரச் சாமான் கடை வைத்திருந்த அப்துல் முத்தலிப் அதை வாங்கிப் போய் மாட்டினார். மாட்டிய வாரமே விற்றது. இன்னும் வேண்டும் என்று அவரே இருகூருக்கு வந்தார்.

"கிளை உங்க வேலைன்னு தெரியுதுங்க. குருவி ஆருங்க செதுக்கறது?" என்று கேட்டார்.

பாவாத்தாள் அப்போது டீயோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். குமாரசாமி அவள் பக்கம் திரும்பாமலே, "பாலக்காட்டுல ஒரு ஆசாரிங்க, பாய்" என்றான்.

முத்தலிப் போன பிறகு அவள் கேட்டாள். "ஏனுங்க, பாலக்காட்டுல எந்த ஆசாரிங்க?"

"பொம்பளை செய்யறான்னு தெரிஞ்சா வெலையைக் கொறைப்பாங்க. அதுவுமில்லாம நம்ம சனம் என்ன பேசும்? சம்சாரத்த ஆசாரி வேலைக்கு உட்டுப்போட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

அது ஒரு தடவை சொன்ன பொய், அதோடு போகும் என்று அவள் நினைத்தாள்.

போகவில்லை. பின்கட்டு அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் செதுக்க வேண்டும் என்றான். சொந்தக்காரர்கள் வந்தால் உளியையும் மரத்தையும் சாக்கில் போட்டு மூட வேண்டும். மகள் வர்ஷினி பள்ளிக்கூடத்தில் "எங்கம்மா குருவி செய்வாங்க" என்று சொல்லிவிட்டு வந்ததற்கு அடி வாங்கினாள். ஒரு ரம்ஜானுக்கு முத்தலிப் நல்ல சரிகைக்கரை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "ஆசாரிக்கு எம்பேரைச் சொல்லிக் குடுங்க. அவரு கை நல்லா இருக்கோணும்" என்றார். அந்த வேட்டியைக் குமாரசாமி கட்டிக்கொண்டான். பாவாத்தாள் அதைத் துவைத்துக் கஞ்சி போட்டாள்.

தொண்ணூற்றாறில் ஊட்டியில் புதிதாகக் கட்டிய ஓட்டல் ஒன்றின் முன்கூடத்துக்கு ஆள் உயரக் கம்பி மரம் ஒன்று வேண்டும் என்று முத்தலிப் மூலமாகக் கேட்டார்கள். கிளைக்குக் கிளை பறவை வேண்டும். பாவாத்தாள் அன்றைக்கே தேன்சிட்டுக்கு மரம் பொறுக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் குமாரசாமி ரயிலேறிப் பாலக்காட்டுக்குப் போய், இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பறவைகளோடு வந்து சேர்ந்தான். எல்லாம் மெஷினில் கடைந்தவை. வயிற்றில் துளையும் போட்டே வந்திருந்தன. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி.

"உனக்குத்தான் கையி நோவுதுன்னு சொல்றயே. இனி நீ செதுக்க வேண்டாம். இதையெல்லாம் வெச்சுக் குடுத்தாப் போதும்."

கை வலிக்கிறது என்று அவள் என்றைக்கோ ஒருநாள் சொன்னதுதான்.

வேலை பாதி முடிந்திருந்தபோது முத்தலிப் பார்க்க வந்தார். மரத்தைச் சுற்றி வந்தவர் ஒரு பறவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆசாரி மாறிட்டாருங்களா?" என்றார்.

"அந்த ஆசாரி செத்துப்போயிட்டாருங்க, பாய்" என்றான் குமாரசாமி. கொஞ்சமும் தடுமாறவில்லை.

முத்தலிப்பின் முகம் வாடிவிட்டது. "அடப் பாவமே. குடும்பம் இருக்குங்களா? ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரலாமே."

கிளைக்கு அந்தப் பக்கம் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பாவாத்தாள் எழுந்தாள்.

"ஆரும் சாவலீங்க. இத்தனை நாளும் செதுக்குனது நாந்தானுங்க."

குமாரசாமி சிரித்தான். "வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க, பாய்."

முத்தலிப் அவள் கையைப் பார்த்தார். உளி பிடித்துக் காய்த்த விரல்கள், பெருவிரலில் குறுக்கே ஒரு பழைய வெட்டு. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்வார் என்று நின்றாள். அவர் பார்வையை மரத்துக்குத் திருப்பிக்கொண்டு, "ஓட்டல் தொறக்கறதுக்கு முன்னால போய்ச் சேரோணுங்க. தாமசம் பண்ணிப்போடாதீங்க" என்று குமாரசாமியிடம் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

"பாய்கிட்ட என்னையப் பொய்யனாக்கிப்போட்டியே" என்றான் குமாரசாமி.

"நான் ஆக்குலீங்க" என்றாள் அவள்.

மீதிப் பறவைகளையும் அவளே வைத்து முடித்தாள். ஏன் முடித்துக் கொடுத்தோம் என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. மரம் ஊட்டிக்குப் போன மறுநாள் உளிகளைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, பக்கத்து ஊர் மில்லில் நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். சனம் என்ன பேசும் என்று குமாரசாமி சொல்லிப் பார்த்தான். "பேசட்டுங்க" என்று சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பறவை வைப்பதற்கு அவன் இரண்டு பெண்களை அமர்த்திக்கொண்டான். தொழில் ஒன்றும் படுக்கவில்லை. ஈரோட்டிலும் பெருந்துறையிலும் புதுப் பணக்காரர்கள் வீட்டுக்கு வீடு அந்த மாதிரி மரம் கேட்டார்கள். குமாரசாமிக்கு நல்ல கைராசி என்று ஊரில் பேச்சு.

தொண்ணூற்றொன்பது ஆவணியில் மாடி வீடு கட்டிக் குடிபோனார்கள். அவள் பால் காய்ச்சினாள், வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறினாள். நாத்தனார் ராசாத்தாள் புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "உனக்கென்ன கொறை அம்மணி, எங்கண்ணன் இத்தனை சம்பாதிக்குது. நீ எதுக்கு இன்னும் மில்லுக்குப் போறே?" என்று கேட்டாள்.

"பழகிப்போச்சுங்க" என்றாள் பாவாத்தாள்.

பந்தி இன்னும் முடியவில்லை. அவள் உள்ளே போய்ப் பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டு, மதிய ஷிஃப்டுக்குப் பஸ் பிடிக்க நடந்தாள்.