மிஞ்சிய பொட்டலம்

செஞ்சிக் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த பூவராகவன், அறுபத்துமூன்றாம் வருஷம் பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய லாரியை எடுத்துவந்து, வீட்டுக் கொல்லையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டார். கழற்றிய போல்ட்டுகளைக் கடைப் பழக்கத்தில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினார். எதிலும் பேர் எழுதவில்லை. மிளகா சீரகமா என்று தொட்டதுமே சொல்லிவிடுகிற கை அது. இரும்பைத் தொட்டபோது அந்தக் கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு வருஷம் முழிபிதுங்கி, குத்துமதிப்பாக எல்லாவற்றையும் மாட்டினார். ஆயுதபூஜையன்று லாரி கிளம்பிவிட்டது. ஆனால் ஒரு பொட்டலம் மிஞ்சியிருந்தது.

"அதான் ஓடுதே, இன்னும் இன்னா ரோசன?" என்றாள் மனைவி நீலாவதி.

"இது இல்லாம எப்படி ஓடுதுன்னுதான்டி புரியல!"

அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் லாரி பத்திரமாகத் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பயம் கூடியது.