வெடிமருந்துத் தட்டில் சந்தனப் பொட்டு

வேலை செய்த காலமெல்லாம் தராசுகளைச் சோதிப்பதுதான் என் தொழில். ஆய்வுகூடங்களில் இருக்கும் நுண்தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பேன். காற்று வீசும் இடத்தில் நிறுக்காதே, சூடும் குளிரும் மாறும் இடத்தில் நிறுக்காதே, சந்தேகம் வந்தால் இன்னொரு தராசில் வைத்துப் பார். இவற்றை எத்தனையோ இளம் வேதியியலாளர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சிலரைக் கடிந்தும் இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

ஓய்வு பெற்ற பிறகு குறி பார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்தேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவனுக்கு இது என்ன ஆசை என்று மெல்பேர்ணில் நாங்கள் இருக்கும் நோபல் பார்க்கில் தெரிந்தவர்கள் கேட்டார்கள். என் மனைவி கேட்கவில்லை. துவக்கு வீட்டுக்கு வந்த அன்று என்னோடு பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். எனக்கு அது துவக்காகத் தெரியவில்லை. தூரத்தில் ஒரு கடதாசி, நடுவில் ஒரு கறுப்பு வட்டம். வெடிமருந்தின் அளவு சரியாக இருந்தால் சுட்ட எல்லாச் சன்னமும் ஒரே இடத்தில் போய் விழும். சரியான அளவின் மேல் இருந்த பைத்தியம் வேலையோடு முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கழகத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். மலேசியாவில் பிறந்தவர், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நகரத்தின் மறுகோடியில், வெரிபீயில், பல் வைத்தியர், கிறிஸ்தவர், என்னைவிட நன்றாக இளையவர். என்னை அண்ணே என்பார், மனைவியை அக்கா என்பார். "வாரம் பூரா ஓட்டைய அடைக்கிறேண்ணே, ஞாயித்துக்கிழமையாவது ஒரு ஓட்டை போட வேணாமா?" என்று கழகத்தில் சேர்ந்ததற்குக் காரணம் சொல்வார்.

சுட்டபின் மிஞ்சும் பித்தளைத் தோட்டாக் கோதுகளை எறியாமல், வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, புதிய சன்னத்தைப் பொருத்தி மறுபடி பயன்படுத்துவது எங்கள் கழகத்தில் வழக்கம். அதற்கு எல்லோரும் ஒப்புவிக்கும் ஒரு விதி உண்டு: நீ நிரப்பியதை மட்டும் சுடு, அடுத்தவன் நிரப்பியதைத் தொடாதே. வெள்ளைக்காரர்கள் அண்ணன் தம்பிக்குள்ளும் அதைக் கடைப்பிடித்தார்கள். எங்களுக்கு அது அந்நியர்களுக்கான விதியாகப் பட்டது. அவருக்கு நேரம் இல்லை, எனக்கு நேரம் இருந்தது. எடை போடுவதே தொழிலாய் இருந்த அண்ணன் நிரப்பித் தருவதை வேண்டாம் என்றால் மரியாதை இல்லை என்று அவர் நினைத்தார். அவர் கேட்டு நான் மறுத்தால் நன்றாயிருக்காது என்று நான் நினைத்தேன். இருவரும் மற்றவர் மனம் நோகக் கூடாது என்று பார்த்துக் கொண்டிருந்தோம்.

மருந்தைத் தானாகவே நிறுத்துக் கொட்டும் மின்னணு இயந்திரம் ஒன்றை வாங்கினேன். மேலே ஒரு குடுவை, அதில் மருந்து. கீழே தராசு, அதன்மேல் சிறிய தட்டு. வேண்டிய எடையை அழுத்தினால் ஒரு குழாய் சுழன்று மருந்தைத் தட்டில் கொட்டும். எடை நெருங்கும்போது வேகம் குறைந்து மணி மணியாக உதிர்க்கும். சரியாக வந்ததும் ஒரு சத்தம்.

அதை நான் சும்மா நம்பவில்லை. ஒரு பகல் முழுவதும் கராஜில் இருந்து சோதித்தேன். இயந்திரம் கொட்டிய ஒவ்வொரு தட்டையும் கண்ணாடிக் கூண்டுள்ள என் சொந்த நுண்தராசில் மறுபடி நிறுத்தேன். முதலில் எல்லாம் அழகாக ஒத்துப் போயின. பிறகு விரல்கள் விறைத்ததால் காலடியில் இருந்த சிறிய ஹீற்றரைப் போட்டேன். வெடிமருந்து இருக்கும் இடத்தில் ஹீற்றர் வைப்பதே பிழை. அதுவும் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கணக்கு கலைந்தது. இயந்திரம் பழைய எண்ணையே காட்டியது, என் தராசு அதைவிடக் கூடக் காட்டியது. ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு விதமாகக் கூடியிருந்தது. ஹீற்றரை நிறுத்திப் பொறுத்திருந்தேன், சரியாயிற்று. மறுபடி போட்டேன்; மறுபடி பிழைத்தது. அந்தச் சூட்டுக் காற்று தட்டை மெல்லத் தூக்குகிறது, எடை குறைகிறது என்று நினைத்து இயந்திரம் கூடுதலாகக் கொட்டுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். நண்பரைக் கூப்பிட்டு, இயந்திரம் நல்லது, குளிரில் மட்டும் வேலை செய்யும் என்றேன். "அப்ப அதுவும் மெல்பேர்ண்காரன்தான்" என்று அவர் சிரித்தார்.

அந்த வாரம் சரஸ்வதி பூசை வந்தது. மனைவி வழக்கம்போல வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தாள். தையல் மெசின், கார், கொம்பியூட்டர், அகப்பை. துவக்குப் பெட்டிக்கு வைக்கமாட்டேன் என்று விட்டாள். ஆனால் கராஜுக்கு வந்து புதிய இயந்திரத்தின் மூடியிலும் தட்டிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். இதற்கு ஏன் என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கக் கூடாது எண்டுதான்" என்றாள்.

அடுத்த நாள் நண்பருக்காக நிரப்ப உட்கார்ந்தேன். வார இறுதியில் போட்டி இருந்தது. நிறுக்கும் தட்டில் பொட்டு இருப்பது சரியில்லை என்று ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு குளிர்ந்தது. இந்த நாட்டில் ஒக்டோபருக்கு வசந்தம் என்று பெயர், கராஜின் தரையில் குளிர் உறைந்து கிடந்தது. ஹீற்றரைப் போட்டேன். மறந்து போடவில்லை. கொஞ்ச நேரம்தானே, ஒருமுறை சோதித்தாயிற்றே, குறைந்த சூட்டில் என்ன வரப்போகிறது என்று எண்ணித்தான் போட்டேன். நுண்தராசை அன்று அலுமாரியிலிருந்து எடுக்கவேயில்லை.

போட்டி நாளில் நண்பர் பாயில் குப்புறப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் தொலைநோக்கியோடு கதிரையில் இருந்தேன். மூடுபனி. பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படர்ந்து தெரியவில்லை என்று கழற்றிப் பக்கத்தில் வைத்தார். சில வெடிகளுக்குப் பிறகு, சுட்ட கோதை வெளியே எடுக்கத் துவக்கின் பூட்டைத் திறக்கக் கஷ்டப்பட்டார்.

"என்னண்ணே, ரொம்ப இறுகுது."

மருந்து கூடினால் பூட்டு இறுகும். அது முதல் எச்சரிக்கை. கழகத்தில் சேர்ந்த முதல் வாரமே அதைச் சொல்லித் தருவார்கள். எனக்கு உடனே ஹீற்றர் நினைவுக்கு வந்தது. அந்தக் கணத்தில் நிறுத்தும் என்று சொன்னால், நான் நிரப்பியது பிழை என்று எல்லோர் முன்னும் ஆகிவிடும்.

"பழைய கோது, அப்பிடித்தான் இருக்கும். நீர் சுடும்" என்றேன்.

அடுத்த வெடியில் கோது பின்பக்கமாகப் பிளந்தது. சூடான வாயுவும் பித்தளைத் துணுக்குகளும் அவர் முகத்தில் அடித்தன. வலது கண் போயிற்று. ஒற்றைக் கண்ணால் வாய்க்குள் ஆழம் மட்டிட முடியாது என்பதால் தொழிலும் போயிற்று.

கழகத்தில் விசாரணை வைத்தார்கள். மீதியிருந்த வெடிகளைப் பிரித்து நிறுத்திருந்தார்கள். பலவற்றில் மருந்து கூட இருந்தது. மேசைக்கு எதிரே மூன்று வயதான அவுஸ்திரேலியர்கள், மரியாதையான மனிதர்கள். எப்படி நடந்திருக்கும் என்று என்னைத்தான் கேட்டார்கள், துறை தெரிந்தவன் என்பதால். எங்கள் வழக்கப்படி என் மனைவி கருவிகளுக்குச் சந்தனம் வைப்பாள் என்று தொடங்கினேன். தட்டைப் பூச்சியமாக்கும்போது பொட்டும் சேர்ந்து நிறுக்கப்பட்டிருக்கும். பிறகு அது காய்ந்து உதிர்ந்திருக்கும். தட்டு இலேசானதும் இயந்திரம் அந்தக் குறையை மருந்தால் நிரப்பியிருக்கும். வகுப்பு எடுப்பதுபோல விளக்கினேன். அவர்கள் மெதுவாகத் தலையாட்டினார்கள். சந்தனம் உதிர்ந்திருந்தால் எல்லா வெடியிலும் ஒரே அளவு கூடியிருக்க வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் பக்தியைத் துருவ அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை எதிர்பார்த்துத்தான் நான் அங்கே போனேன்.

இதை மனைவிக்குச் சொல்லவில்லை. கழகத்தாரிடம் கேள்விப்பட்டுச் சொன்னவர் நண்பர். ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர், அவளைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்.

"அக்கா, நீங்க சாமிக்கு வெச்ச பொட்டு. அதுக்குப் போயி மனச உடைச்சிக்காதீங்க. கண்ணாடியக் கழட்டினது நாந்தான்லா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற நான் மருந்துப் போத்தலில் ஒட்டியிருந்த எழுத்தை வாசித்துக் கொண்டிருந்தேன். காருக்கு வந்த பிறகுதான் கேட்டாள்: "நான் வச்ச பொட்டாலையோ?"

"அப்பிடித்தான் போல கிடக்கு" என்றேன்.

அதன்பிறகு அவள் எதற்கும் பொட்டு வைக்கவில்லை. தன் நெற்றிக்கும் வைக்கவில்லை. த பேசின் என்ற இடத்திலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனால் உள்ளே வராமல் வாசலில் நின்று கும்பிட்டாள். வாரத்துக்கு ஒருமுறை புட்டும் மீன்குழம்பும் செய்து, நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, வெரிபீக்குப் போக வேண்டும் என்பாள். நான் ஓட்டிக்கொண்டு போவேன். அவள் உள்ளே போவாள். நான் காருக்குள் இருந்து செய்தி கேட்பேன். திரும்பி வரும்போது அவள் முகம் வீங்கியிருக்கும். என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. அப்படி இரண்டு வருடங்கள் போயின.

பிறகு அவளுக்கு மறதி தொடங்கியது. முதலில் அடுப்பு, பிறகு மகளின் ஊர், பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள். வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். எல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தபோது இது மட்டும் உதிரவில்லை. காலையில் எழும்பியதும் கேட்பாள், "அந்தத் தம்பிக்கு இப்ப கண் எப்பிடி?" பிறகு பொட்டு வைக்கும் தன் வலது கை மோதிரவிரலைப் பார்த்துக் கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவளைக் கூட்டிவர நண்பரின் வீட்டுக்குள் போக வேண்டி வந்தது. அவள் சோபாவில் தூங்கிப் போயிருந்தாள். நண்பர் குசினியில் தேநீர் ஊற்றினார். கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து ஊற்றினார். அங்கே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஹீற்றர், துடைத்த தட்டு, பூட்டு இறுகியபோது எனக்குத் தெரிந்தது, விசாரணையில் சொன்ன பொய். அவர் கேத்திலைக் கீழே வைத்தார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"வாராவாரம் வந்து என் கையப் பிடிச்சி மன்னிப்புக் கேட்டாங்க. போன வாரமும் கேட்டாங்க. நீங்க கார்ல உட்கார்ந்திருந்தீங்க. கண்ண விட்ருங்க. அது போச்சு. இத எப்படிண்ணே செஞ்சீங்க?" என்றார்.

அக்காவை யாராவது கொண்டுவந்து விட்டால் எப்போதும் வரலாம், நான் மட்டும் இனி வரவேண்டாம் என்றார். இப்போது கோயிலில் பழக்கமான ஒரு பெண்பிள்ளை அவளைக் கூட்டிப் போகிறாள்.

கழகத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். துவக்கையும் உரிமத்தையும் ஒப்படைத்தேன். அவை சுலபமாக இருந்தன.

அடுத்த நாள் காலை மனைவிக்குச் சொன்னேன். அவளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்னச் சின்ன வசனமாகச் சொன்னேன். நீர் வச்ச பொட்டாலை இல்லை. நான் அதைத் துடைச்சிட்டன். ஹீற்றரைப் போட்டது நான். பிழை என்ரை. உம்மட தலையிலை போட்டதும் நான்தான். அவள் முழுவதையும் கேட்டாள். விளங்கியது, சந்தேகமில்லை. முகத்தில் ஏதோ இறங்கியது. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"அப்ப என்ர கையிலை ஒண்டுமில்லை."

"இல்லை" என்றேன்.

அன்று பகல் முழுவதும் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. சாப்பாட்டை நான் வைத்தபோது தட்டைத் தள்ளிவிட்டாள். தானே எழும்பிப் போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை எழும்பியதும் அந்தத் தம்பிக்குக் கண் எப்படி என்று கேட்டாள். பிறகு அழத் தொடங்கினாள், தான் பொட்டு வைத்திருக்கக் கூடாது என்று.

மறுபடி சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்க்கலாம் என்று மகள் சிட்னியிலிருந்து சொன்னாள், ஒட்டினோம். வாசிக்கிறாள், யாருக்கோ நடந்ததுபோல. இரண்டு வருடம் நான் ஊறவிட்ட பொய் அவளுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. உண்மை மேலேயே நின்றுவிட்டு மாலைக்குள் காய்ந்து போகிறது. நினைவு நன்றாக இருந்த காலத்தில் ஒரே ஒருமுறை சொல்லியிருந்தால் போதும்.

இப்போது அது எங்கள் வீட்டின் காலை வேலை. தேநீர் போட்டு, அவளுடைய மாத்திரையைக் கொடுத்து, கதிரையை இழுத்து உட்கார்ந்து சொல்கிறேன். சில நாள் என்னை அடிக்கக் கை ஓங்குகிறாள். சில நாள் "பாவம், நீங்கள் எவ்வளவு கவலைப்பட்டிருப்பீங்கள்" என்று என் தலையைத் தடவுகிறாள். அந்த நாட்கள்தான் பொறுக்க முடியாதவை. இன்று அவள் கேட்டாள்:

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"உம்மைவிட என்ர பேர் பெரிசாய் இருந்தது" என்றேன்.

அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நாளைக்கும் கேட்டால் இதே பதிலைத்தான் சொல்ல வேண்டும்.