செந்தாமரை பேசாத பேச்சு

பூட்டுச் சின்னத்துக் கட்சி வேட்பாளர் பட்டியலை வெளியிட்ட அன்று, டிவியில் நாலு பேர் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர்கள் எல்லோரையும் போன்ற சாதாரண அரசியல்வாதிகளா, இல்லை ஊரை இரண்டாக்கும் ஆட்களா என்பதுதான் சண்டை. எனக்கு அந்த இரைச்சல் ஆகாது. அணைத்துவிட்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டேன்.

எங்கள் தொகுதியில் நின்றவர் பரணிதரன், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வாய்க்கால் தூர்வாருவது, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் மழையில் நனைவது, இதைத் தாண்டி அவர் பேச்சு போகாது. வயதானவர்களைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிடுவார். இவரையா தீவிரமான ஆள் என்கிறார்கள் என்று டீக்கடையில் சிரித்தோம்.

அவருக்காக மைக்கில் பேச வந்தவள் செந்தாமரை. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாபநாசம் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஒருவர் இறந்தால் முதலில் தெருவுக்கு வருவது செந்தாமரையின் குரல்தான். என் ஆட்டோவின் மேல் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். நான் ஓட்டுவேன், அவள் பின்னால் உட்கார்ந்து மைக் பிடிப்பாள். "மரண அறிவிப்பு" என்று அவள் நிறுத்தி ஆரம்பித்ததுமே நடவு வயலில் குனிந்திருப்பவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள். பெயர் வரும். "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்பதற்குள் பெண்கள் வேறு புடவை மாற்றப் போய்விடுவார்கள். முழுசாகக் கேட்பவர் யாருமில்லை. பெயரும் மணியும் காதில் விழுந்தால் போதும், அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பகையாளி வீட்டுச் சாவுக்கும் அப்படித்தான்.

அவள் அப்பா காத்தானும் சாவுச் சேதி சொன்னவர்தான். ஆனால் அவர் வெயிலில் ஊர் ஊராக நடந்துபோய், தெருமுனையில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். வாசல்படி ஏற முடியாது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் கையில் ஊற்றுவார்கள். அப்பா இருந்தவரைக்கும் அந்த வேலையின் பேச்சை எடுத்தாலே செந்தாமரைக்குக் கோபம் வரும்.

அப்புறம் எப்படி அதே வேலைக்கு வந்தாள் என்றால், அதற்குக் காரணம் மைக் செட் கடை முகம்மது யூசுப். பூர்வீகம் நாகூர். கடைத்தெருவில் அவர் அப்பா காலத்திலிருந்து கடை இருக்கிறது. கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்டுதான். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் செந்தாமரை வரவேற்புரை பேசியதைக் கேட்டுவிட்டு, "இந்தக் குரல் சும்மா இருக்கக் கூடாதும்மா, வந்து பேசு" என்று கையில் மைக்கைக் கொடுத்தவர் அவர். என்னைக் கூப்பிட்டு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டியதும் அவர்தான். அவள் முதல் அறிவிப்புக்குப் போனபோது, அவள் அப்பாவை நிற்க வைத்த தெருவில் எல்லோரும் வாசலுக்கு இறங்கி வந்து கேட்டார்கள். திரும்பும் வழியில் அவள் அழுதாள். "நான் பேசுனா அவங்க வெளில வர்றாங்கண்ணே" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சும்மா எதற்கு மறைக்க வேண்டும்?

தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்கும் பேசுவாள். ஆனால் பூட்டுக் கட்சிக்காரர்கள் கேட்டபோது யோசித்தாள். டிவியில் அந்தக் கட்சி ஆட்கள் சிலர் பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது. வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இந்த மண்ணை விட்டுப் போக வேண்டும் என்று ஒருத்தன் கையை ஓங்கிப் பேசியிருந்தான். அதனால் பரணிதரனிடமே நேராகக் கேட்டாள்.

"சார், உங்க கட்சிக்காரங்க பேசுற மாதிரி நீங்களும் பேசுவீங்களா?"

அவர் சிரித்தார். "நீங்க என்ன பேசுறீங்களோ அதுதாம்மா என் பேச்சு. எழுதிக் கொடுக்கிறதுல பிடிக்காதது இருந்தா நீங்களே அடிச்சிடுங்க."

இப்படிச் சொல்கிற வேட்பாளரை நானும் பார்த்ததில்லை. சம்மதித்துவிட்டாள்.

கட்சிக்காரர்கள் தஞ்சாவூரில் ஓர் அறையில் உட்கார வைத்து அவள் குரலைப் பதிவு செய்தார்கள். வாய்க்கால், நெல், பூட்டுச் சின்னம், எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் விடவில்லை. லேப்டாப் வைத்திருந்த ஒருவர், ஊர்ப் பெயர்கள், எண்கள், சம்பந்தமில்லாத வாக்கியங்கள் என்று எதை எதையோ படிக்கச் சொன்னார். அதையே சிரித்தபடி படிங்க என்றார். கோபமாகப் படிங்க என்றார். கடைசியில், "மரண அறிவிப்பு எப்படிச் சொல்வீங்களோ அப்படி ஒரு தடவை" என்றார்.

"அது எதுக்குங்க?" என்றாள்.

"குரல் எப்படி வருதுன்னு பார்க்கத்தாங்க."

அவள் படித்தாள். இறந்தவர் பெயர் வரும் இடத்தில் எந்தப் பெயரும் இல்லை. அறை ஏசியில் சில்லிட்டுக் கிடந்தது. வெளியே வந்ததும், "யாரும் சாகாம அதைச் சொன்னது ஒரு மாதிரியா இருக்குண்ணே" என்றாள். பயப்படாதே, பேய் பிடிக்காது என்று கிண்டல் செய்துகொண்டே ஓட்டி வந்தேன்.

பிரச்சாரம் நன்றாகத்தான் போனது. அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து காய்த்து நின்றது. ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். ஒருநாள் அக்கரையில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தோம். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, மறுபடியும் வந்துட்டீங்க? காலையிலதானே பேசிட்டுப் போனீங்க" என்றார். நாங்கள் காலையில் வரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. டீ கொடுத்தார். ஆனால் செந்தாமரையின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

அடுத்த கிராமத்திலும் அப்படியே. பார்த்தவுடன் கூப்பிட்டுப் பேசும் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். பரோட்டாக் கடை வைத்திருக்கும் பர்வின் மட்டும் வாசலுக்கு வந்து, "நான் உனக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். செந்தாமரை என்ன ஏது என்று கேட்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மதியம் எங்கள் கரைக்குத் திரும்பி ஆற்றங்கரைச் சாலையில் வரும்போது செந்தாமரை என் தோளைத் தட்டினாள். வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தேன். மணலுக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது.

அவள் என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது.

ஆற்றுக்குள் வண்டியை இறக்கி அக்கரை ஏறினோம். மதகுக்குப் பக்கத்தில் புளியமரத்து நிழலில் ஓர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் இல்லை. சுற்றுமுற்றும் ஆளே இல்லை. மேலே ஸ்பீக்கர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதே நிறுத்தம், அதே இழுப்பு, மூச்சு வாங்கும் இடம்கூட அதேதான்.

"மரண அறிவிப்பு. நமது கடைத்தெருவில் மைக் செட் கடை நடத்தி வந்த நாகூர் ஜனாப் முகம்மது யூசுப் அவர்களின் வியாபாரம் முடிவுக்கு வருகிறது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரது கடைச் சாமான்கள், தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அவரது கடையிலிருந்து புறப்படும். மண் நம்முடையது. பூட்டும் நம்முடையது."

செந்தாமரை ஓடிப்போய் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள். குரல் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். அந்த அமைதியில், தூரத்தில் வேறொரு ஊர்ப் பக்கத்திலிருந்து அதே குரல் பர்வினின் பெயரைச் சொல்வது கேட்டது. அந்தந்த ஊருக்கு அந்தந்தப் பெயர். செந்தாமரை தன் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பினால் யூசுப் வீட்டு வாசலில் கூட்டம். அக்கரையில் கேட்டவர்கள் வழக்கம்போல முழுசாகக் கேட்கவில்லை. மரண அறிவிப்பு, யூசுப் பெயர், ஆழ்ந்த வருத்தம்; அவ்வளவுதான், கிளம்பி வந்துவிட்டார்கள். பிரகதாம்பாள் என்கிற பூக்காரம்மா கையில் மாலையோடு தெருவிலிருந்தே அழுதுகொண்டு வந்திருக்கிறாள். கதவைத் திறந்தது யூசுப்பே. அந்தம்மா மாலையைக் கீழே போட்டுவிட்டு அலறினாளாம். யூசுப் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்திருக்கிறார். நாங்கள் போனபோது அந்த மாலை ஒரு நாற்காலி மேல் கிடந்தது. எடுத்துப் போடவும் யாருக்கும் கை வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"அது நான் இல்ல பாய்" என்றாள் செந்தாமரை.

"தெரியும்மா. உன் குரலை எனக்குத் தெரியாதா?" என்றார். சொன்னாரே தவிர, அவர் பார்வை அந்த மாலையை விட்டு நகரவில்லை.

அப்படியே பரணிதரன் வீட்டுக்குப் போனோம். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

"அந்த வண்டி எங்க வண்டின்னு யார் சொன்னது? நான் எங்கயாவது அப்படிப் பேசியிருக்கேனாம்மா?" என்றார் கடைசியில், அதே மெல்லிய குரலில். "என் வாயிலேருந்து அப்படி ஒரு வார்த்தை வந்திருக்கா, எங்க வேணும்னாலும் விசாரிங்க. ஊர் முழுக்க நீங்க பேசுனதாத்தான் சொல்றாங்க."

"சார், நான் பேசலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "காபி ஆறுது பாருங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எதைப் பிடிப்பது? ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை அந்த ஆளிடம்.

போலீஸில் புகார் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு செந்தாமரை தானே தெருத்தெருவாகப் போய் மறுத்துப் பேச ஆரம்பித்தாள். "அது நான் பேசியது இல்லை, என் குரலைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் யாரோ செய்த போலி" என்று மைக்கில் சொன்னாள். ஆனால் அதையும் அதே குரலில்தானே சொல்ல வேண்டியிருந்தது? "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு பேசுது இந்தப் பொண்ணு" என்றார்கள். பிறகு மைக்கையே வைத்துவிட்டு வெறும் தொண்டையில் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. ஸ்பீக்கர் குரல் அடுத்த தெருவிலிருந்து அதை மூடிவிட்டுப் போனது. யூசுப்பைப் பற்றி நாலு பேர் அவளிடம் விசாரித்தார்கள். நாலு பேருமே, "எப்ப கிளம்புறாராம்?" என்றுதான் கேட்டார்கள். ஏன் கிளம்ப வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பரணிதரன் ஜெயித்தார். பட்டாசுகூட அளவாகத்தான் வெடித்தார்கள்.

மறுநாள் காலை செந்தாமரை என்னை முன்னதாகவே கூப்பிட்டுக்கொண்டு யூசுப் கடைக்குப் போய்விட்டாள். கட்சிக்காரர்கள் தடியோடு வந்தால் குறுக்கே நிற்பதாக இருந்தாள். யூசுப் வழக்கம்போலக் கடையைத் திறந்து, சாம்பிராணி போட்டு, ஸ்பீக்கர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கொடி வரவில்லை. ஒரு கட்சிக்காரன் வரவில்லை.

பத்து மணி நெருங்கும்போது ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள்.

எல்லாம் தெரிந்த முகங்கள். நடவு ஆட்கள், டீக்கடைக்காரர், யூசுப்பின் மைக்கில் தன் பெண் கல்யாணத்தை நடத்திய ரெங்கசாமி, பூக்காரம்மா. யாரிடமும் கோபம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சாலையின் இரண்டு பக்கமும் வழி விட்டு வரிசையாக நின்றார்கள். ஆண்கள் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எதிரே வந்த டவுன் பஸ்ஸின் டிரைவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஹாரன் அடிக்காமல் ஓரமாக நிறுத்தினார்.

"என்னங்க பண்றீங்க?" என்று செந்தாமரை கத்தினாள். "யாரும் சாகலைங்க! அவரு எங்கயும் போகலை! வீட்டுக்குப் போங்க!"

ஒருவரும் அசையவில்லை. ரெங்கசாமி அவளைப் பார்த்து மரியாதையாக, "பத்து மணின்னு நீதானேம்மா சொன்னே?" என்றார்.

யூசுப் கடைக்குள்ளிருந்து அந்த வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைத்தெரு முனைவரைக்கும் நின்றார்கள். இத்தனை பேரும் தன்னை வழியனுப்ப நிற்கும்போது ஒரு மனிதன் என்னதான் செய்வான்? துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். ஒரு ஸ்பீக்கரைத் தூக்கி என் ஆட்டோவில் வைத்தார். பிறகு இன்னொன்று. நாகூரில் மகள் ஆசியா வீட்டுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னார்.

செந்தாமரை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போகாதீங்க பாய். இவங்க யாரும் உங்களைப் போகச் சொல்லலை."

"ஆமாம்மா, யாரும் சொல்லலை" என்றார் யூசுப். அவள் கையை மெதுவாக ஷட்டரிலிருந்து எடுத்துவிட்டார். "ஆனா நீ கூப்பிட்டா இந்த ஊர்ல யாரு வராம இருப்பா?"

நான் வண்டியைக் கிளப்பினேன். வரிசையில் நின்றவர்கள் எங்கள் வண்டி கடக்கும்போது ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள்.