எட்டாம் அத்தியாயத்தில் செத்தவன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் நான் கட்டியதைச் சொல்கிறேன். பட்டினச்சேரியில் எங்கள் தெருவின் முதல் மாடி வீடு. 'இவனா நடத்துவான்' என்று ஊரே சிரித்த ஐஸ் கம்பெனி. சுனாமி உடைத்துப் போட்டும் ஒரே வருசத்தில் நான் திரும்பத் தண்ணீரில் இறக்கிய விசைப்படகு. மூன்று பெண்களையும் கல்லூரிக்கு அனுப்பினேன். மூத்தவளுக்குக் காரைக்கால் டவுனில் தமிழ் வாத்தியார் ஒருவரைப் பார்த்து முடித்ததும் நான்தான். என் கணக்கு தப்பியது அந்த ஒன்றில் மட்டும்.

மாப்பிள்ளை ஒரு நாவல் எழுதினார். பதினாறு வயதுப் பையன் கடலில் செத்து மறு உலகத்தில் கண் விழிக்கிற கதை. பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்காம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு மூன்று மாதம் பிடித்தது. மூன்று மாதமும் தலையில் அடித்துக்கொண்டேன். மறு உலகத்தில் பூந்தோட்டமாம், வெள்ளை வெளிச்சமாம். முங்கிச் செத்த பையன் தலைமுடி கலையாமல் போய் நிற்கிறான். அங்கே ஒரு கிழவர் நாற்பது பக்கத்துக்கு அவனுக்கு உபதேசம் செய்கிறார். கடலில் முழங்கால் நனைக்காத ஆள் எழுதினால் சாவுகூட இப்படி இஸ்திரி போட்டுத்தான் வரும்.

எட்டாம் அத்தியாயம் மட்டும் வேறு. அது என்னுடையது.

என் முப்பதாவது வயதில் வாடைக்காற்று என் கட்டுமரத்தை இழுத்துக்கொண்டு போனது. ஒரு சரக்குக் கப்பல்காரர்கள் என்னைத் தூக்கிக் கண் காணாத துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். பதினாறாம் நாள் ஊர் வந்து சேர்ந்தேன். அன்றைக்கு எனக்குக் கருமாதி. வாசலில் பந்தல், உள்ளே என் படத்துக்கு மாலை. ஊர்ப் பெரியவர் கை நீட்டித் தடுத்தார்.

"காரியம் முடிஞ்சிட்டுதுப்பா. இனிமே வாசல் வழியா வரப்படாது. கொல்லப்பக்கம் போயி நில்லு."

காரியம் முடிந்தவன் திரும்பினால் மறுபடி பிறந்துதான் வீட்டுக்குள் வரவேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். கொல்லையில் ஓலை மறைப்புக்குப் பின்னால் நின்றேன். உள்ளே பங்காளிகள் என் கருமாதிச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"சாம்பார்ல உப்பே இல்லடா."

"உசுரோட இருந்தப்ப மட்டும் அள்ளிப் போட்டானாக்கும்! அவன் வலைய யாரு எடுத்துக்கிறது, அதச் சொல்லு."

செத்த பிறகு என்ன இருக்கிறது என்று கேட்டால் இதுதான் இருக்கிறது. பிறகு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பூவரச மரத்தில் புடவையால் தொட்டில் கட்டி, மீசை வைத்த என்னை அதில் உட்காரவைத்து ஆட்டினார்கள். என் பெயரையே என் காதில் மூன்று தடவை சொன்னார்கள். காலையில் அறுத்த தாலியைச் சாயங்காலம் நான் மறுபடி கட்டினேன். என் கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் என் பெண்டாட்டி கழுத்தை நீட்டினாள்.

இத்தனையும் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்குழம்புக்கு வந்த மாப்பிள்ளையிடம் நான் சொன்னது. தொட்டில், தாலி, உப்பில்லாத சாம்பார், ஒன்று விடாமல் புத்தகத்தில், அந்தப் பையன் மறு உலகத்தில் சந்திக்கிற ஒரு மீனவனின் கதையாக இருக்கிறது. வெளியீட்டு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் அந்த அத்தியாயத்தைத்தான் எடுத்தார்கள். "என்ன கற்பனை!" என்றார்கள். மாப்பிள்ளை கைகூப்பினார். நன்றிப் பக்கத்தில் தலைமையாசிரியர் இருக்கிறார், டைப் அடித்த பெண் இருக்கிறாள், கம்ப்யூட்டர் இரவல் கொடுத்தவர்கூட இருக்கிறார். நான் இல்லை.

கேட்டேன். "நம்ம வீட்டு விசயந்தானே மாமா, உங்களுக்குப் போயி நன்றி சொல்லணுமா?" என்று சிரித்தார். மாப்பிள்ளை ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

போன வாரம் பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே, "ஐய, இது அப்பா புக்குல வர்றது தாத்தா. படிச்சிட்டு ஒங்களுக்கு நடந்த மாரி சொல்றீங்க" என்றாள்.

சாட்சி சொல்ல என் பெண்டாட்டி இப்போது இல்லை. தொட்டில் ஆட்டியவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே மாப்பிள்ளைக்கு நாலு பேர் அறியச் சொல்கிறேன். உங்கள் நன்றி எனக்கு வேண்டாம். பூந்தோட்டத்தையும் கிழவரையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அச்சடிக்கும்போது முதல் பக்கத்தில், என் பேத்தி கண்ணில் படுகிற அளவு எழுத்தில், 'எட்டாம் அத்தியாயத்தில் செத்தது என் மாமனார்' என்று போடுங்கள். பெயரோடு.